கறுப்புக் கோழியின் வளர்ப்புத் தாய்

ஜாபுவாவின் கடக்நாத் கோழிக்கு நாடெங்கும் கிராக்கி. ஆனால் அந்தக் கோழியின் பிழைப்பு இன்னும் பழங்குடி வீட்டு முற்றத்தில், வேறொரு கோழியின் இறக்கைக்குள்தான் இருக்கிறது.

இந்தூரிலிருந்து அகமதாபாத் செல்லும் நெடுஞ்சாலையில் மேற்கே சுமார் 150 கிலோமீட்டர் போனால் ஜாபுவா. தார் நகரைத் தாண்டியதும் மால்வாவின் கரிசல் வயல்கள் ஒவ்வொன்றாகப் பின்வாங்குகின்றன. மாச்சலியா மலைப்பாதைக்கு அப்பால் சரளை கலந்த மெலிந்த மண், வரிசையாக மொட்டைக் குன்றுகள், இடையிடையே இலுப்பையும் புரசும் பனையும். மத்தியப் பிரதேசம் குஜராத்தையும் ராஜஸ்தானையும் தொடும் மூலை இது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மக்களில் சுமார் 87 சதவீதம் பேர் பழங்குடியினர். பெரும்பாலும் பீல் இனத்தவர்.

தமிழ் வாசகருக்குப் பழக்கமான தெருவும் திண்ணையுமான கிராமம் இங்கே கிடையாது. ஒவ்வொரு குடும்பமும் தன் நிலத்திலேயே, பெரும்பாலும் ஒரு மேட்டில், வீடு கட்டிக்கொள்கிறது. அடுத்த வீடு கூப்பிடு தூரத்தில் இன்னொரு மேட்டில். இப்படிச் சிதறிக் கிடக்கும் சில வீடுகள் சேர்ந்தது ஒரு 'ஃபலியா'. பல ஃபலியாக்கள் சேர்ந்தது ஒரு கிராமம். மண்ணும் மூங்கிலும் சேர்த்த சுவர், ஓட்டுக் கூரை, முன்னால் சாணம் மெழுகிய முற்றம். அந்த முற்றத்தில்தான் ஜாபுவாவின் கால்நடைச் செல்வம் முழுவதும் நடமாடுகிறது: ஒரு ஜோடி உழவு மாடு, முடிந்தவர்களுக்கு ஓர் எருமை, நாலைந்து வெள்ளாடுகள், பத்துப் பதினைந்து கோழிகள், எல்லாவற்றுக்கும் காவலாக ஒரு நாய்.

கோழிகளில் சில மட்டும் கண்ணை இழுக்கும். இறகு கறுப்பு, கால் கறுப்பு, அலகும் நாக்கும்கூடக் கறுப்பு. கொண்டையில் மட்டும் லேசான ஊதா. இதுதான் கடக்நாத். உள்ளூரில் 'காலி மாசி', அதாவது கறுப்புச் சதை. அறுத்துப் பார்த்தால் தோல், இறைச்சி, எலும்பு, குடல் எல்லாமே அதே நிறம். ரத்தமும் கறுப்பு என்பது சந்தையில் பரப்பப்படும் கதை; அது சிவப்புதான்.

கறுப்புக்குக் காரணம் மெலனின் என்ற நிறமி. கோழியின் 20ஆவது குரோமோசோமில் ஒரு பகுதி இடம் மாறி இரட்டித்ததால், நிறமியை உண்டாக்கும் செல்கள் உடலெங்கும் பரவிவிடுகின்றன. சீனாவின் சில்க்கி, இந்தோனேசியாவின் ஆயாம் செமானி ஆகிய கறுப்புக் கோழிகளிலும் இதே மாற்றம்தான். கடக்நாத்திலேயே முழுக் கறுப்பு, கழுத்தில் வெள்ளிக் கோடுகள் உள்ள 'பென்சில்', தங்க நிற இறகு கலந்தது என்று மூன்று வகை உண்டு.

நிறத்தைப் போலவே இன்னொரு குணமும் இந்தக் கோழியின் தலைவிதியை நிர்ணயிக்கிறது. அதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. கடக்நாத் பெட்டை முட்டையிடும். ஆனால் அடை உட்காருவதில் அக்கறை குறைவு. ஆண்டுக்குச் சுமார் 80 முட்டைகள் இட்டுவிட்டு, அவற்றை மறந்து மேயப் போய்விடும் கோழி இது. அப்படியானால் இத்தனை தலைமுறைகளாக இந்த இனம் எப்படிப் பிழைத்தது?

பதில் அதே முற்றத்தில் இருக்கிறது. பழுப்பும் சாம்பலும் கலந்த, பெயர்கூட இல்லாத சாதாரண நாட்டுக் கோழி ஒன்று.

கூடைக்குள் 21 நாள்

பீல் வீட்டுப் பெண்கள் கறுப்புப் பெட்டை இட்ட முட்டைகளை எடுத்துத் தானியத்திலோ சாம்பலிலோ பதித்துச் சேர்த்து வைக்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு சேர்ந்ததும், அடைக்கு வந்திருக்கும் நாட்டுக் கோழியைத் தேடுகிறார்கள். கண்டுபிடிப்பது எளிது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கிட்டே போனால் கொத்த வந்து, மேயவும் மனமில்லாமல் மூலையில் உட்கார்ந்திருக்கும் கோழிதான் அது. மூங்கில் கூடையில் வைக்கோல் பரப்பி, முட்டைகளை அடுக்கி, மாலை மங்கிய பிறகு கோழியை அதன்மேல் உட்கார வைத்தால் மறுப்பேதும் சொல்லாது. யாருடைய முட்டை என்று அது கணக்குப் பார்ப்பதில்லை.

அடுத்த 21 நாட்களுக்கு அந்தக் கோழிதான் இயந்திரம். தன் மார்புச் சூட்டில் முட்டைகளைக் காக்கிறது. அலகால் அவற்றை அடிக்கடி புரட்டுகிறது. புரட்டாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொண்டு செத்துவிடும். நாளுக்கு ஒருமுறை எழுந்து, கொஞ்சம் தின்று, தண்ணீர் குடித்து, எச்சமிட்டு, முட்டை குளிர்வதற்குள் திரும்பிவிடுகிறது. ஏழாம் நாள் இரவில் முட்டையைக் கைவிளக்கின் முன் பிடித்தால், சிலந்தி வலை போல் சிவப்பு நரம்புகள் தெரியும். தெரியாவிட்டால் கூமுட்டை, அதை எடுத்துவிடலாம். 20ஆம் நாள் வாக்கில் ஓட்டுக்குள்ளிருந்து கீச்சுக் குரல் கேட்கிறது. வெளியே கோழியும் பதில் குரல் கொடுக்கத் தொடங்குகிறது.

பிறந்த கடக்நாத் குஞ்சு நீலம் பாய்ந்த கறுப்பு. முதுகில் ஒழுங்கற்ற கோடுகள். பழுப்புத் தாயின் பின்னால் கறுப்புக் குஞ்சுகள் வரிசையாக ஓடும் காட்சி ஜாபுவாவில் யாருக்கும் வியப்பளிப்பதில்லை.

அடை வைப்பதற்குக் காலமும் முக்கியம். கத்திரி வெயிலில் வைத்தால் முட்டை கெடும். அடைமழையில் பொரித்தால் ஈரமும் குளிரும் குஞ்சுகளை வாரிக்கொண்டு போய்விடும். மழை ஓய்ந்து மக்காச்சோளம் வீட்டுக்கு வந்த பிறகு வரும் குளிர்காலத் தொடக்கம்தான் நல்ல பருவம். அப்போது சிந்திய தானியமும் பூச்சிகளும் முற்றத்தில் தாராளம்.

பொரித்த பிறகுதான் உண்மையான சோதனை. முதல் ஆறேழு வாரங்களில் சாகும் குஞ்சுகளே அதிகம். வானத்தில் பருந்து, புதரில் கீரி, இரவில் காட்டுப் பூனை. தாய்க்கோழி எழுப்பும் ஓர் எச்சரிக்கைக் குரலுக்கு எல்லாக் குஞ்சுகளும் இறக்கைக்குள் மறைகின்றன. எதைக் கொத்த வேண்டும், எதைக் கண்டு ஓட வேண்டும் என்பதை அது நாள் முழுவதும் நடத்திக் காட்டிக்கொண்டே இருக்கிறது. மின்சாரப் பொரிப்பானால் 21 நாள் சூட்டைக் கொடுக்க முடிகிறது. இந்தப் பாடத்தைக் கொடுக்க முடிவதில்லை. இயந்திரத்தில் பிறந்த ஒருநாள் குஞ்சை அப்படியே கிராமத்து வீட்டில் விட்டால் பிழைப்பது கடினம் என்பதை அரசுத் திட்டங்களும் அனுபவத்தில் கண்டுகொண்டன. அதனால்தான் மத்திய அரசின் கொல்லைப்புறக் கோழித் திட்டத்தில், குஞ்சுகளை 'தாய் மையங்கள்' என்ற கூடங்களில் நான்கு வாரம் வளர்த்த பிறகே வீடுகளுக்குக் கொடுக்கும் முறை வந்தது. பெயரிலேயே இருக்கிறது, இயந்திரம் எதை விட்டுவிட்டது என்பது.

ஆடு சேமிப்பு, கோழி கைச்செலவு

ஜாபுவா முற்றத்தில் கோழி தனியாக வாழ்வதில்லை. வெள்ளாட்டுப் பட்டியும் கோழிக் கூடையும் ஒரே கூரைச் சரிவின் கீழ் இருக்கின்றன. ஆட்டுப் புழுக்கையும் மாட்டுச் சாணமும் குவியும் எருக்குழியில் புழு பூச்சிகள் பெருகுகின்றன. கோழிகள் அதைக் கிளறித் தின்று கொழுக்கின்றன. எருவும் பொலபொலவென்று ஆகிறது. ஆட்டின் மேலிருந்து விழும் உண்ணிகளையும் கோழி பொறுக்கிவிடுகிறது. ஆடு தின்று மிச்சம் வைத்த தழையில் ஒட்டியிருக்கும் விதைகளும் பூச்சிகளும் குஞ்சுகளுக்கு. யாரும் திட்டமிட்டு எழுதி வைக்காத ஏற்பாடு இது, காசில்லாமல் நடக்கிறது.

ஆனால் இந்தக் கூட்டுக் குடித்தனத்திலும் சில கட்டுப்பாடுகள் உண்டு. குஞ்சுக்கு வைத்த குருணையையோ மக்காச்சோளத்தையோ ஆடு வயிறு முட்டத் தின்றுவிட்டால் வயிற்றில் அமிலம் மிகுந்து செத்தே போகலாம். அதனால் குஞ்சுத் தீனியை ஆட்டின் வாய் நுழையாத மூங்கில் கூடையின் அடியில் வைக்கிறார்கள். கோழிகள் ஆட்டின் தண்ணீர்த் தொட்டியில் ஏறி எச்சமிட்டால் குட்டிகளுக்குக் கழிச்சல் வரும். தொட்டியை உயர்த்தி வைப்பது நல்லது. இரவில் கோழிகள் அடையும் இடம் ஆட்டுக்கு நேர்மேலே இருக்கக்கூடாது.

பொருளாதாரத்திலும் இரண்டும் வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஆடு ஐந்து மாதம் சினை. பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ குட்டி. இரண்டு ஆண்டுகளில் மூன்று ஈற்று. திருமணம், மருத்துவச் செலவு, விதைப்புக்கான கைமுதல் என்று பெரிய தேவைக்கு ஒரு கிடா போகிறது. உப்பு, எண்ணெய், பள்ளிப் பிள்ளையின் நோட்டுப் புத்தகம், பேருந்துக் கட்டணம் இவற்றுக்கு வாரச் சந்தையில் ஒரு சேவல் போதும். ஆட்டை விற்பது பெரும்பாலும் ஆணின் முடிவு. கோழியும் முட்டையும் விற்ற காசு பெண்ணின் முந்தானையில் முடியப்படுகிறது. அதற்கு அவள் யாரிடமும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கடக்நாத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. தீபாவளியை ஒட்டிய நாட்களில் தெய்வத்துக்குப் பலியிடவும், மதிப்புக்குரிய விருந்தாளி வந்தால் சமைக்கவும் கறுப்புச் சேவலே சிறந்தது என்பது பீல் மரபு. உடம்பு தேறாதவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் மருந்து என்ற நம்பிக்கையும் இருக்கிறது. மெதுவாக வளர்ந்து, ஆறு மாதம் போன பிறகே முட்டையிடத் தொடங்கி, சேவலே இரண்டு கிலோவைத் தாண்டாத கோழியை இத்தனை நாள் வைத்துக்கொண்டிருந்ததற்கு இந்த மரியாதைதான் காரணம்.

நூறு டோஸ் குப்பி

முற்றத்தின் பெரிய எதிரி பருந்தோ கீரியோ அல்ல. தமிழகத்தில் வெள்ளைக்கழிச்சல் என்று சொல்லப்படும் ராணிக்கெட் நோய்தான். இன்றைய உத்தராகண்டில் உள்ள மலை நகரத்தின் பெயரைத் தாங்கிய இந்த வைரஸ் புகுந்தால், ஒரு வாரத்தில் ஃபலியா முழுவதும் கோழிக் குரல் அடங்கிவிடும். கடக்நாத்துக்கு நோய் வராது என்று சொல்பவர்கள் உண்டு. உண்மையில் அது வெயிலையும் குறைந்த தீனியையும் தாங்கும், ராணிக்கெட்டைத் தாங்காது.

தடுப்பு மருந்து பல ஆண்டுகளாக இருக்கிறது. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. எட்டாம் வாரத்தில் ஓர் ஊசி. விலையும் அற்பம். சிக்கல் குப்பியில்தான். மருந்து 100 டோஸ் அல்லது அதற்கு மேல் கொண்ட குப்பியாக வருகிறது. கலந்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். அதுவரை குளிர்ச்சி குறையக்கூடாது. பெரிய பண்ணைக்கு இது பொருத்தம். பத்துக் கோழி வைத்திருப்பவளுக்கு 90 டோஸ் வீண், பனிக்கட்டிக்கும் வழியில்லை. மேட்டுக்கு ஒரு வீடாகச் சிதறிக் கிடக்கும் ஊரில், நூறு கோழிகளை ஒரே காலையில் பிடித்து வைத்திருப்பது எளிதல்ல. கூட்டைத் திறந்துவிட்ட பிறகு எந்தக் கோழியும் கைக்கு அகப்படாது.

இதற்கு ஒரு விடையாகத்தான் 'பசு சகி' என்ற ஏற்பாடு பல மாநிலங்களில் பரவியது. மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த உள்ளூர்ப் பெண் ஒருத்திக்குப் பயிற்சி கொடுத்து, குளிர்ப்பெட்டியும் மருந்தும் தந்து, வீடு வீடாக அனுப்புவது. விடியற்காலையில் கோழிகள் கூடையைவிட்டு இறங்குமுன் அவள் வந்துவிட வேண்டும். அதே நடையில் ஆடுகளுக்கு ஆட்டுக்கொல்லி நோய்க்கான ஊசியும், குடற்புழு நீக்க மருந்தும் ஆகிவிடும். கால்நடை மருத்துவமனை 20 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஊரில், இந்த நடைதான் ஆஸ்பத்திரி.

புகழ் வந்த வழி

கடக்நாத் அருகிவருகிறது என்ற கவலை அரசுக்கு முன்பே இருந்தது. 1978-இல் ஜாபுவாவில் இதற்கென்றே ஒரு குஞ்சு பொரிப்பகம் தொடங்கப்பட்டது. பின்னர் வேளாண் அறிவியல் மையம் பழங்குடிக் குடும்பங்களுக்குக் கொட்டகையும் குஞ்சுகளும் கொடுத்து வளர்க்கச் சொல்லிக்கொடுத்தது. 2012-இல் ஜாபுவாவின் கிராமின் விகாஸ் டிரஸ்ட் புவிசார் குறியீட்டுக்கு விண்ணப்பித்தது. முடிவு வரும் நேரத்தில் சத்தீஸ்கரின் தந்தேவாடா தரப்பும் உரிமை கோர, இரண்டு மாநிலங்களுக்கிடையே ஒரு சேவல் சண்டையே நடந்தது. 2018-இல் குறியீடு ஜாபுவாவுக்குக் கிடைத்தது. அதே ஆண்டில் மத்தியப் பிரதேச அரசு கடக்நாத் விற்பனைக்காக ஒரு கைப்பேசிச் செயலியையும் வெளியிட்டது.

பிறகு கிரிக்கெட் வந்தது. மகேந்திர சிங் தோனி தன் ராஞ்சிப் பண்ணைக்காக ஜாபுவா மாவட்டத்தின் தாந்தலா பகுதியில் 2,000 கடக்நாத் குஞ்சுகளுக்கு 2020-இல் சொல்லிவைத்தார் என்ற செய்தி நாடெங்கும் போயிற்று. கொழுப்பு குறைவு, புரதம் அதிகம் என்ற விளம்பரமும் சேர, பெருநகரங்களில் பிராய்லரைவிடப் பல மடங்கு விலை. தமிழ்நாட்டிலும் 'கருங்கோழி' என்ற பெயரில் பண்ணைகள் முளைத்தன.

புகழோடு அதன் நிழலும் வந்தது. 2021 ஜனவரியில் தாந்தலா அருகே ஒரு கடக்நாத் பண்ணையில் பறவைக் காய்ச்சல் உறுதியாகி, மிஞ்சிய கோழிகள் அழிக்கப்பட்டன. தோனியின் குஞ்சுகள் 2022-இல்தான் ராஞ்சி போய்ச் சேர்ந்தன. பொரித்த குஞ்சு வயிற்றில் மிஞ்சிய மஞ்சள் கருவைக் கொண்டே இரண்டு மூன்று நாள் தீனியின்றி இருக்கும் என்பதால் நெடுந்தூரம் அனுப்புவது சாத்தியம். நோயும் அதே தூரம் போகலாம் என்பதுதான் மறுபக்கம். தொற்று கண்ட இடத்தைச் சுற்றியுள்ள வளர்ப்புப் பறவைகள் எல்லாவற்றையும் அழிப்பது விதி. ஐந்து கோழி வைத்திருக்கும் வீட்டுக்கும் அதே விதிதான்.

மகாராஷ்டிரத்தில் நடந்தது வேறு கதை. சாங்லி மாவட்டத்தில் இயங்கிய ஒரு நிறுவனம், முன்பணம் வாங்கிக்கொண்டு கடக்நாத் குஞ்சுகளைக் கொடுத்து, முட்டையையும் கோழியையும் நல்ல விலைக்குத் திரும்ப வாங்குவதாகச் சொல்லி ஏமாற்றிவிட்டதாக 2019-இல் ஆயிரக்கணக்கான விவசாயிகள் புகார் செய்தார்கள். 2012-இல் பெருந்துறையில் ஈமு கோழியை நம்பிப் பணம் போட்டவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. பறவை மாறியது, கணக்கு மாறவில்லை.

யாருக்குச் சொந்தம்?

புவிசார் குறியீடு கிடைத்தது ஜாபுவாவின் கடக்நாத் இறைச்சிக்கு. பெயரைக் காப்பாற்ற அது உதவும். ஆனால் முட்டையைச் சேர்த்து, அடைக்கோழியைத் தேர்ந்து, குஞ்சைப் பருந்திடமிருந்து காத்தவளின் பங்கு அந்தச் சான்றிதழில் தானாக வந்து உட்காராது. கொட்டகை கட்டவும், பொரிப்பான் வாங்கவும், தீனிக்குக் கடன் பெறவும் முடிந்தவரிடம்தான் புதிய சந்தை முதலில் போய்ச் சேர்கிறது. ஆயிரம் கோழிக் கொட்டகைக்கு உரிமையாளர் வேறு. முற்றத்துக் கோழிக்கு உரிமையாளர் வேறு. முன்னதில் கணக்குப் புத்தகம் பெரும்பாலும் ஆண் கையில் இருக்கிறது.

இனத்துக்கும் இதில் ஆபத்து உண்டு. கொட்டகையில் வளர்ப்பவர் வேகமாக எடை கூடும் கோழியையும் அதிகம் முட்டையிடும் கோழியையும்தான் தேர்ந்தெடுப்பார். இதில் தவறில்லை. ஜபல்பூர் கால்நடைப் பல்கலைக்கழகம் 'ஜபல்பூர் கலர்' இனத்தோடு கால் பங்கு கடக்நாத் சேர்த்து உருவாக்கிய 'நர்மதா நிதி' அத்தகைய முயற்சிதான். கலப்பு என்று சொல்லி விற்கும்வரை அது நல்ல கோழி. ஆனால் கறுப்பாக இருப்பதெல்லாம் கடக்நாத் என்று விற்கும் சந்தையில், தன் வெயிலையும் தன் பசியையும் தாங்கிப் பழகிய அசல் இனம் மெல்லக் கரைந்துபோகும்.

இன்னொரு கேள்வி பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறது. மழைக்காலப் பயிர் முடிந்ததும் ஜாபுவாவின் குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு குஜராத்தின் கட்டட வேலைக்குக் கிளம்புகின்றன. சூரத்துக்கும் வடோதராவுக்கும் ஆட்டையும் கோழியையும் கொண்டுபோக முடியாது. வீட்டில் கிழவியோ உறவினரோ இருந்தால் அவர்களிடம் விட்டுப்போகிறார்கள். பிறக்கும் குட்டியிலும் குஞ்சிலும் பாதி வளர்த்தவருக்கு. ஒருவரும் இல்லையென்றால் எல்லாவற்றையும் சந்தையில் தள்ளிவிட்டுத்தான் பேருந்து ஏறுகிறார்கள். அடை வைக்க நல்ல பருவமும் இந்த மாதங்கள்தான். வேலை தேடிப் போகும் ஒவ்வொரு குடும்பத்தோடும் சில கூடைகள் காலியாகின்றன. கோழியைக் காப்பது என்பது, குளிர்காலத்தில் அந்த முற்றத்தில் ஆள் இருக்கும்படி செய்வதும்தான். ஆகவே குன்றுச் சரிவுகளில் மழைநீரைத் தேக்கி, இரண்டாம் போகத்துக்கு வழிசெய்யும் வேலையும் ஒரு வகையில் கடக்நாத் பாதுகாப்பே.

நாட்டின் பெருங்கணக்கு முற்றத்துக்குச் சாதகமாகவே இருக்கிறது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவின் 85 கோடி வளர்ப்புப் பறவைகளில் சுமார் 31.7 கோடி கொல்லைப்புறக் கோழிகள். 2012-ஐவிட இது ஏறத்தாழ 46 சதவீதம் கூடுதல். அதே காலத்தில் வணிகப் பண்ணைக் கோழிகள் கூடியது 4.5 சதவீதம்தான். கொல்லைக் கோழி வளர்ப்பின் காலம் முடிந்துவிட்டது என்று சொல்பவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய எண்கள் இவை.

ஜாபுவாவின் வாரச் சந்தையில் கறுப்புச் சேவலுக்கு வெளியூர் வியாபாரிகள் போட்டி போடுகிறார்கள். பழுப்பு நாட்டுக் கோழியை யாரும் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. அதற்குக் குறியீடும் இல்லை, செயலியும் இல்லை. ஆனால் வீட்டுக்காரிக்குத் தெரியும். சேவலை இந்த வாரம் விற்றால் அடுத்த ஆண்டு இன்னொன்று வந்துவிடும். நன்றாக அடை உட்காரும் கோழியை விற்றுவிட்டால், அந்த முற்றத்தில் கறுப்பு இறகே இருக்காது.